அலகைப் பிரித்தால் அளவு தெரியும்

காரைக்குடி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலை விரும்பிப் படிக்கிறாள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு எல்லோரும் நலம். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள தாழ்வாரத்து ஓடுகளை மாற்றும் வேலை மழைக்கு முன்பே முடிந்துவிட்டது.

வோல்ட்டைக் கூலுமால் பெருக்கி மீட்டரால் வகுத்தால் வருவது எந்த அளவின் அலகு என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். விடையைவிட வழிதான் முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்த அலகையும் கிலோகிராம், மீட்டர், விநாடி, ஆம்பியர் என்று அடிப்படை வரை உடைக்கும்படி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அது பிழையற்ற முறைதான். ஆனால் வோல்ட்டை அப்படி உடைத்தால் கிலோகிராமும் மீட்டரின் இருபடியும் மேலே நிற்க, விநாடியின் முப்படியும் ஆம்பியரும் கீழே நிற்கும், அதைப் பார்த்து மின்னழுத்தம் என்று உணரும் மாணவர் அரிது. ஆகவே பாதி வழியில் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு இத்தனை ஜூல் ஆற்றல் என்பதை மட்டும் நினைவில் வைத்தால், கூலுமால் பெருக்கியதும் ஜூல் மிஞ்சும். ஜூல் என்பது நியூட்டன் மீட்டர், அதை மீட்டரால் வகுத்தால் நியூட்டன். அவள் கேட்ட அளவு விசை. மின்புலத்தில் ஒரு மின்னூட்டத்தின் மீது செயல்படும் விசையைக் கணக்கிடும் வாய்பாடே அந்த அலகுக்குள் இருக்கிறது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது மின்தடையின் அலகான ஓமையும் மின்தேக்குத்திறனின் அலகான ஃபாரட்டையும் பெருக்குவது. ஓம் என்பது ஆம்பியருக்கு இத்தனை வோல்ட். ஃபாரட் என்பது வோல்ட்டுக்கு இத்தனை கூலும். பெருக்கினால் வோல்ட் நீங்கிவிடும், கூலுமை ஆம்பியரால் வகுப்பது எஞ்சும், ஆம்பியரோ விநாடிக்கு ஒரு கூலும் என்பதால் கடைசியில் கிடைப்பது வெறும் விநாடி. மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று எவ்வளவு விரைவாக நிரம்பும் என்பதை அந்தப் பெருக்கல் சொல்கிறது. அதேபோல மின்தூண்டலின் அலகான ஹென்றி என்பது ஓம் விநாடி என்று தெரிந்துகொண்டால், ஃபாரட்டையும் ஹென்றியையும் பெருக்கும்போது விநாடியின் இருபடி வருவது உடனே புலப்படும்.

மின்புலம் தொடர்பான மாறிலியான வெற்றிடத்தின் விடுதிறனுக்கு அலகு மீட்டருக்கு ஃபாரட், காந்தப்புலம் தொடர்பான உட்புகுதிறனுக்கு மீட்டருக்கு ஹென்றி. இரண்டையும் பெருக்கித் தலைகீழாக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வருகிறது. மின்னூட்டத்தையும் காந்தத்தையும் பற்றிய இரு மாறிலிகளுக்குள் ஒரு வேகம் இருக்கிறது. 1856-இல் ஜெர்மானிய இயற்பியலாளர்கள் வெபரும் கோல்ராவ்ஷும் ஒரே மின்னூட்டத்தை நிலைமின்னியல் முறையிலும் காந்த முறையிலும் அளந்தார்கள். அந்த அளவீட்டிலிருந்து பெறப்பட்ட வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3,10,000 கிலோமீட்டர். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ 1849-இல் ஒளிக்கு அளந்த வேகமும் ஏறத்தாழ அதுவே. இந்த நெருக்கத்தைக் கண்டுதான் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் ஒளியும் மின்காந்த அலையே என்ற முடிவை நோக்கிச் சென்றார். அலகுகளைச் சுருக்குவது தேர்வுக்கான பயிற்சி மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனாலும் அலகு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நியூட்டன் மீட்டர் வந்தால் அது ஆற்றலாகவும் இருக்கலாம், திருப்பு விசையாகவும் இருக்கலாம். விசையின் திசையில் பொருள் நகர்ந்ததா, அச்சிலிருந்து விலகி நின்று விசை திருப்பியதா என்பதைக் கணக்கின் சூழல்தான் தீர்மானிக்கும். அதிர்வெண்ணுக்கான ஹெர்ட்ஸும் கதிரியக்கத்துக்கான பெக்கரலும் விநாடியின் தலைகீழ்தான். எனவே அலகு ஒரு சிறு பட்டியலைத் தரும், அதிலிருந்து தேர்ந்தெடுப்பது படிப்பவரின் பொறுப்பு.

மழை அளவை மில்லிமீட்டரில் சொல்வதையும் இப்படி விளக்கலாம். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதைச் சுருக்கினால் கனஅளவைப் பரப்பால் வகுத்த நீளம், சரியாக ஒரு மில்லிமீட்டர், கிடைக்கிறது. கிடைத்தளத்தில் 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஓட்டுக்கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் முற்றத்தில் விழுவது 2,000 லிட்டர். அந்தக் காலத்து வீடுகளில் முற்றத்து ஓரத்தில் அண்டாக்களை வரிசையாக வைத்தது ஏன் என்று அந்தக் கணக்கு காட்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றப்போவதாக நீங்கள் எழுதியதற்கும் இதே முறை உதவும். கடையில் 150 ஆம்பியர்-மணி என்று சொல்வார்கள். ஆம்பியரையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது மின்னூட்டம், 5,40,000 கூலும், ஆற்றல் அன்று. 12 வோல்ட்டால் பெருக்கிய பிறகுதான் 1,800 வாட்-மணி, அதாவது மின்கட்டணக் கணக்கில் 1.8 யூனிட், என்ற ஆற்றல் தெரியும். வோல்ட் வேறுபட்ட இரண்டு பேட்டரிகளை ஆம்பியர்-மணியை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கடையில் உங்களுக்குச் சொன்ன இரண்டு பேட்டரிகளின் விவரத்தையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், கணக்கிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்