மைனஸ் 23 டிகிரி யாருடைய அறை?

தமிழில் அறிவியல் செய்தி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். டெராஹெர்ட்ஸ் லேசர் (மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட அலைகளை விடும் லேசர்) பற்றித் தமிழில் எது வந்தாலும் விடாமல் படிக்கிறவன் நான். இதையெல்லாம் எழுத ஆள் இருப்பதே பெரிய விஷயம். ஆனால் 'அறை வெப்பநிலையில் இயங்கும் டெராஹெர்ட்ஸ் லேசர்' என்ற தலைப்பைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பொறுப்பதில்லை.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த லேசரை இயக்கிக் காட்டிய வெப்பநிலை 250 கெல்வின். அதாவது மைனஸ் 23 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரே மைனஸ் 18இல்தான் நிற்கும்! அதுவும் தொடர்ந்து எரியவில்லை. விட்டுவிட்டு, துடிப்புகளாகத்தான் ஒளி வந்தது.

சாதனையைக் குறைத்துப் பேசவில்லை. 2002இல் இத்தாலியின் பீசாவும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜும் சேர்ந்து செய்த முதல் டெராஹெர்ட்ஸ் குவாண்டம் கேஸ்கேட் லேசர் 50 கெல்வினோடு நின்றுவிட்டது. அங்கிருந்து இருநூறு டிகிரி ஏற 18 ஆண்டு ஆனது. ஏன் அவ்வளவு காலம்? நீங்கள் எழுத வேண்டிய கதை அதுதான்.

இந்தக் குவாண்டம் கேஸ்கேட் லேசரில் காலியம் ஆர்செனைடும் அலுமினியம் கலந்த காலியம் ஆர்செனைடும் சில நானோமீட்டர் தடிமனில் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எலக்ட்ரான் அதில் மாடிப்படி இறங்குவதுபோல இறங்கி, படிக்கொரு ஒளித்துகளை விடும். படியின் உயரத்தை அடுக்குகளின் தடிமனே தீர்மானிக்கிறது. சரி, 4 டெராஹெர்ட்ஸுக்கு அந்த உயரம் எவ்வளவு? சுமார் 17 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் மிகச் சிறிய அலகு). நம் அறையின் சூட்டிலேயே 26 இருக்கிறது. படியைவிடக் குலுக்கல் பெரிது! சூடேறிய எலக்ட்ரான் ஒளி விடாமலே படிகத்தை அதிரவைத்துக் கீழே விழும்; இல்லையேல் அலுமினியம் கலந்த அடுக்கான தடுப்பைத் தாண்டி ஓடிவிடும். 2020இல் அவர்கள் தடுப்புகளை உயர்த்தி அந்தக் கசிவை அடைத்தார்கள். சொல்லக் கேட்டால் எளிது. சுவரை உயர்த்தினால் அடுக்குகள் இன்னும் மெல்லியதாக வேண்டும். ஓர் அணு வரிசை பிசகினாலும் படி மாறிவிடும்.

விமான நிலையச் சோதனை, புற்றுநோய் கண்டறிதல் என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். ஆனால் குளிரூட்டியைச் சுமக்கத் தயாரான இடங்களில் இந்த லேசர் ஏற்கெனவே வேலை செய்கிறது. 2023 டிசம்பர் 31 அன்று அண்டார்க்டிகாவிலிருந்து கிளம்பிய நாசாவின் கஸ்டோ பலூன், விண்மீன்களுக்கு இடையிலுள்ள ஆக்சிஜனின் 4.7 டெராஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பிடிக்க இந்த வகை லேசரைத்தான் கொண்டுபோனது. இது நம் பக்கங்களில் என் கண்ணில் படவே இல்லை.

அடுத்த சாதனை வரும்போது மூன்று விவரம் மட்டும் போடுங்கள்: எத்தனை டிகிரி செல்சியஸ், ஒளி தொடர்ச்சியா துடிப்பா, எவ்வளவு திறன். அப்புறம் தலைப்பை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்