பாட்டியின் இரவுக் கஞ்சியில் எத்தனை கிராம் புரதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

55 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியின் ஒருநாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி, பால் விட்ட தேநீர். மதியம் ஒரு கிண்ணம் சோறு, சாம்பார், குழம்பில் கிடந்த சிறு துண்டு மீன், ஒரு காய். மாலையில் பொட்டலத் தூளைக் கரைத்த தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். இரவில் “வயிறு மந்தமாக இருக்கிறது” என்று அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் இது சாதாரண நாள்தான். யாரும் அவரைப் பட்டினி போடவில்லை. ஆனால் புரதத்தை மட்டும் கூட்டினால் காலை 8 கிராம், மதியம் 23, மாலை 2, இரவு 4. மொத்தம் 37 கிராம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம். அதன்படி இவருக்கு நாளொன்றுக்கு 66 கிராம் வேண்டும். கிடைப்பது பாதியைச் சற்றே தாண்டுகிறது.

மொத்த அளவைவிட எனக்குப் பெரிய கவலை, அது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதில்தான். உடல் மாவுச்சத்தையும் கொழுப்பையும் சேமித்து வைப்பதுபோல் புரதத்தைச் சேமித்து வைப்பதில்லை. மதியம் மிஞ்சியதை இரவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளாது. இளைஞர் ஒருவரின் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள, ஒரு வேளைக்குக் கிலோவுக்குச் சுமார் 0.24 கிராம் புரதம் போதும். எழுபதைக் கடந்தவருக்கு அதே வேலை நடக்கக் கிலோவுக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. முதிய தசை அவ்வளவு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. மேலே சொன்ன மூதாட்டிக்கு இது வேளைக்கு 22 கிராம். மூன்று வேளையில் மதியம் மட்டுமே அந்த அளவை எட்டுகிறது. காலையும் இரவும் வயிறு நிறைகிறது, தசைக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை.

ஆகவே மதியச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். காலையையும் இரவையும் மாற்றினால் போதும்.

காலையில் அந்த இரண்டு இட்லி அப்படியே இருக்கட்டும், அது 4 கிராம். கூடவே ஒரு முழு முட்டை, 6 கிராம். கொழுப்புக்குப் பயந்து மஞ்சள் கருவை எடுத்துவிடுபவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி குப்பைக்குப் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முழு முட்டையால் கெடுதல் இல்லை. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு வெள்ளைக் கரு கொடுக்கலாம். மூன்றாவதாக 200 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால்மாவை இரண்டு மேசைக்கரண்டி கலந்து கொடுங்கள். பாலில் 7 கிராம், மாவில் 5 கிராம். மொத்தம் 22 வந்துவிடும். பால்மாவைக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி தட்டும், அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். கொஞ்சம் ஆறிய நீரில் முதலில் பசைபோல் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கலக்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள், பேரங்காடியில் கிடைக்கும் லாக்டோஸ் நீக்கிய பாலையோ சர்க்கரை சேர்க்காத சோயா பாலையோ வாங்கலாம். பாதாம் பால் பெயரளவில்தான் பால், அதில் புரதம் மிகக் குறைவு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பாலையும் சோயாவையும் தொட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை சரியாக உடலில் சேராது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கும் இதுபோன்ற இடைவெளி தேவை, அதை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பிக்கடையில் காலை உணவை முடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காயா ரொட்டியுடன் இரண்டு முட்டை என்பது 12 கிராம், நல்ல தேர்வு. ஆனால் அரை வேக்காட்டு முட்டை முதியவர்களுக்குப் பாதுகாப்பானதல்ல. சால்மோனெல்லா கிருமித் தொற்று அவர்களை எளிதில் படுக்கையில் தள்ளிவிடும். நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். தே தாரிக்கில் இருக்கும் கெட்டிப்பால், பாலுக்கு ஈடாகாது. அதில் வருவது பெரும்பாலும் சர்க்கரைதான்.

இரவுக்கு வருவோம். மெல்லச் சிரமம், பசி குறைவு, சீக்கிரம் தூங்க வேண்டும் என்பதால்தான் கஞ்சி. அதை மாற்றச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கமாட்டார், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கஞ்சியையே கெட்டிப்படுத்தலாம். அரிசி 30 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், அதாவது குவியலாக இரண்டிரண்டு மேசைக்கரண்டி. அரை மணி நேரம் ஊறவைத்து, ஐந்து பங்கு நீர் விட்டுக் குக்கரில் நான்கு விசில். கரண்டியால் மசித்துவிட்டு அடுப்பைச் சிறிதாக்கி, அடித்த முட்டை ஒன்றை நூலாக ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது மொத்தமாக ஊற்றினால் முட்டை கட்டியாகி வாடை அடிக்கும், மறுநாள் அந்தக் கஞ்சியே வேண்டாம் என்பார்கள். முட்டை முழுதாக வெந்ததும் இஞ்சி, மிளகு, சீரகம். இதில் 15 கிராம். படுக்கப்போகுமுன் ஒரு குவளை பால் 7 கிராம். முட்டை பிடிக்காதவர்களுக்கு 60 கிராம் மீனை ஆவியில் வேகவைத்து, முள் பார்த்து உதிர்த்துச் சேர்க்கலாம், அதில் 12 கிராம் இருக்கும்.

சாம்பாரை நம்புகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். பருப்பு புரதம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீர்த்த சாம்பார் ஒரு கரண்டியில் 2, 3 கிராமுக்கு மேல் தேறாது. குழம்பை ஊற்றிக்கொண்டு பருப்பை அடியில் விடாமல், கெட்டிப் பருப்பாக ஒரு சிறு கிண்ணம் தனியே வைத்தால்தான் அது கணக்கில் வரும். ஆட்டுக்கால் சூப்பும் அப்படியே. எலும்பிலிருந்து இறங்குவது பெரும்பாலும் கொலாஜன். டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் அதில் இல்லாததால் தசை வளர்ச்சிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சூப்பைக் குடித்துவிட்டுக் கறியைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடும் வழக்கம் நல்ல மனத்தில் வருவது, ஆனால் சத்து கறியோடு போய்விடுகிறது.

கறி தள்ளப்படுவதற்குப் பல் காரணமாக இருக்கலாம். செயற்கைப் பல் தளர்ந்திருந்தால் முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். சமையலில் செய்யக்கூடியது: கோழியின் நெஞ்சுக்கறியை விட்டுத் தொடைக்கறியை வாங்கி, தயிரில் இரண்டு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் ஊறவைத்துக் கொத்துக்கறியாகக் குழம்பிலேயே வேகவிடுவது. வறுத்தால் நார் நாராகப் பிரிந்து தொண்டையில் நிற்கும். கொத்துக்கறியில் மசித்த தோஃபு சேர்த்தால் ஈரமும் போகாது.

சாப்பிடும்போது இருமுவது, சாப்பிட்டபின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, கன்னத்தில் உணவு தங்கிவிடுவது ஆகியவை விழுங்கும் கோளாறின் அறிகுறிகள். அப்போது நம் கை உடனே போவது ரசம் சோற்றுக்கு. அதுதான் மிகவும் ஆபத்தானது. நீர்த்த ரசம் தொண்டைக்குள் விரைந்து ஓட, பருக்கை பின்தங்க, ஏதாவது ஒன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பலதுறை மருந்தகத்தில் சொல்லி, விழுங்கும் கோளாறையும் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கப் பரிந்துரை பெறுங்கள். அதுவரை எல்லாம் ஒரே பதத்தில், கெட்டியாக, நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமைகளிலும் புரட்டாசியிலும் மீனும் முட்டையும் போகின்றன, அந்த இடத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் வருகின்றன. விரதத்தைக் கைவிடச் சொல்லவில்லை, இடத்தை நிரப்பச் சொல்கிறேன். சந்தையில் விற்கும் தாவ் குவா என்னும் கெட்டித் தோஃபு 150 கிராமில் 18 கிராமுக்குக் குறையாது. காய்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15 கிராம். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே 100 கிராமில் 19. இந்தோனீசியப் பணிப்பெண் இருக்கும் வீட்டில் தெம்பே சமைக்க அவருக்குச் சொல்லித்தரவே வேண்டாம். மெல்லியதாகச் சீவி, ஆவியில் வேகவைத்துப் புளிக்குழம்பில் போட்டால் பல் இல்லாதவரும் சாப்பிடலாம். கடைகளில் கிடைக்கும் சைவ இறைச்சியில் புரதம் இருந்தாலும் உப்பு அதிகம், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். ரமலானில் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சி அருமையான உணவுதான், ஆனால் பெரும்பங்கு அரிசி. நோன்பு நோற்கும் பெரியவருக்கு அதோடு ஒரு வேகவைத்த முட்டையும், விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் ஒரு குவளை பாலும் கட்டாயம் வேண்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் முற்றியும் ரத்தச் சுத்திகரிப்பு தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் குறைப்பார்கள். சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு அதே புரதத்தைக் கூட்டுவார்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்று உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். நீரிழிவு இருக்கிறது, நாளைக்குச் சிறுநீரகம் கெடலாம் என்று தாமாகவே பருப்பையும் மீனையும் குறைத்துக்கொள்வது தவறு.

நீரிழிவுக்காரர்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. சோற்றைப் பாதியாக்குகிறார்கள், அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. சர்க்கரை அளவு இறங்குகிறது, எடையும் இறங்குகிறது, எல்லாரும் மகிழ்கிறார்கள். மொத்த உணவு குறைந்தால் உடல் புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடும். முயலாமலே ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆனால் அது நல்ல செய்தி இல்லை. கையில் வளையல் கழன்று விழுவதும் ரவிக்கை தொளதொளப்பதும் எடை இயந்திரத்துக்கு முன்பே சொல்லிவிடும். தையல் நாடாவால் கெண்டைக்காலின் பருமனான இடத்தை அளந்து பாருங்கள். ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழ், பெண்ணுக்கு 33க்குக் கீழ் என்றால் தசை குறைந்திருக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதே பயிற்சியை நாளுக்கு இரண்டு வேளை பத்துப் பத்து முறை செய்வது நல்லது. தசைக்கு வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் கொடுத்தால் பாதிப் பலன்தான். ஆரோக்கியமான முதியவர்கூடப் பத்து நாள் படுத்த படுக்கையாக இருந்தால் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழக்கக்கூடும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு நாள்கணக்கில் வெறும் கஞ்சி கொடுப்பது, பத்தியம் என்று நாம் நினைத்தாலும், மிகத் தவறான நேரத்தில் செய்யும் சிக்கனம்.

தனியே வாழ்பவர்களுக்குச் சமைப்பதே சுமை. நான்கு முட்டையை ஒரே நேரத்தில் வேகவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். பெட்டிப்பால், டின் மத்தி, டின் கொண்டைக்கடலை வீட்டில் எப்போதும் இருக்கட்டும். கடலையை நன்றாகக் கழுவினால் உப்பு ஓரளவு குறையும், மசித்துத் தாளித்தால் சுண்டல். அரைக் கிண்ணத்தில் 6, 7 கிராம். வெளியே சாப்பிட்டால் உணவங்காடியில் மீன் சூப் கேளுங்கள், அல்லது சோற்றைக் குறைத்துத் தட்டில் மீனும் முட்டையும் வைக்கச் சொல்லுங்கள். தட்டு வந்ததும் அதைத்தான் முதலில் சாப்பிட வேண்டும். முதியவர்களுக்கு நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் நாளிதழ்களில் வரும் சமையல் குறிப்புகளின் கீழே, ஒருவருக்கான பங்கில் எத்தனை கிராம் புரதம் என்ற ஒரே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் சேர்க்க முடியுமா? வீட்டுக்கு உணவு அனுப்பும் சேவைகளும் டப்பாவின் மேல் இதே எண்ணைத் தமிழிலும் ஒட்டலாம். இந்திய சைவ உணவைக் கேட்டவருக்குக் கூட்டு, பொரியல், ரசம் என்று வந்து, புரதம் என்று சொல்ல எதுவும் இல்லாத டப்பாவை அந்த எண் உடனே காட்டிக்கொடுக்கும். மகளோ பணிப்பெண்ணோ அதைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பையோ ஒரு துண்டு தாவ் குவாவையோ சேர்த்து வைப்பார்.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ