பட்டம் வேண்டாம் என்பவர்கள் முதலில் விண்ணப்பப் படிவத்தை மாற்றட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருள் வேலைக்குப் பட்டம் முக்கியமில்லை, திறமை போதும் என்று நிறுவனத் தலைவர்கள் பேசுவது நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். புதிதாக ஆள் எடுக்கும் நேர்காணல் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பி எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரியை விட்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

திறமைக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நேர்காணலுக்கு வருபவர்களிடம் ஒரு சின்ன பில்லிங் புரோகிராமைக் கொடுப்போம். அதில் சில பில்கள் கணக்கில் ஏறாது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை, நல்ல மதிப்பெண் வாங்கிய பி.இ. பட்டதாரிகள் கோடிங்கைத் திருத்தித் திருத்தி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புளியரைப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு பாலிடெக்னிக் பையன் கோடிங்கைத் தொடவே இல்லை. ஏறாத பில்களை மட்டும் வரிசையாக எடுத்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மேடம், எல்லாமே 12-ந்தேதிக்குப் பிறகு போட்ட பில். நாளும் மாசமும் இடம் மாறிப் போகுது. 13-வது மாசம்னு ஒண்ணு இல்லாததால நிக்குது. 12 வரைக்கும் ஏறினதுலயும் தேதி தப்பாத்தான் இருக்கும், அதையும் பாக்கணும்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களுக்கு வேண்டியது. ஏறாத பில் உடனே கண்ணில் பட்டுவிடும். தப்பான தேதியில் ஏறிய பில் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து கணக்குத் தணிக்கையில்தான் வெளியே வரும். மறுபேச்சில்லாமல் அவரைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் மனிதவளப் பிரிவில் கோப்பு நின்றுபோனது. ஆள்சேர்ப்பு சாஃப்ட்வேரில் பட்டம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. அதைத் தாண்டினாலும், அணியில் இருப்பவர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கடைசியில் வேறொரு ஏஜென்சி வழியாக ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தார். அதே வேலைதான், சம்பளம் மட்டும் மிகக் குறைவு. இப்போது இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. எழுதிக்கொண்டிருக்கிறார்.

இது எங்கள் அலுவலகத்து வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பட்டம் தேவையில்லை என்று அறிவித்த நிறுவனங்களை ஹார்வர்ட் வணிகப் பள்ளியும், வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் ஆராய்ந்து 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்த மாற்றத்தால் உண்மையில் வேலை கிடைத்தது, எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை என்றது அது. அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவுக்கும் இளநிலைப் பட்டமோ அதற்குச் சமமான தகுதியோ வேண்டும். பட்டம் இல்லையென்றால், கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு ஈடாக மூன்று ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்ட வேண்டும். நான்கு வருஷப் படிப்புக்குப் பன்னிரண்டு வருஷம்! இதையெல்லாம் மேடையில் யாரும் சொல்வதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துத் தங்கள் பள்ளியில் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அது பெரிய கொடை. அவர்களால் அது முடிவதற்குக் காரணம், அவர்கள் விற்பது சொந்த மென்பொருள். எழுதியவர் என்ன படித்தார் என்று வாங்குபவர் கேட்பதில்லை. வாடிக்கையாளருக்காக மென்பொருள் வேலை செய்து தரும் எங்களைப் போன்ற சேவை நிறுவனங்களில் ஆட்களின் பயோடேட்டாவையே வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் வேலையில் இருந்துகொண்டே பட்டமும் படிக்கிறார்கள். மற்றவர்கள் ஏன் இதைச் செய்யக் கூடாது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரி வெறும் காகிதம் தரும் இடம் என்று பேசுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளை நினைத்துப் பார்ப்பதில்லை. நான் பி.இ. சேர்ந்ததால்தான் வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றது. விடுதியில் தங்கினேன், தனியாக பஸ் ஏறப் பழகினேன், ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகவும் அனுமதி கிடைத்தது. அந்த நான்கு வருஷத்தை “ஆன்லைனில் கோடிங் கற்றுக்கொள்ளலாமே” என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஆன்லைனில் கற்றுக்கொள்வதற்கு வீட்டில் தனி அறையும் லேப்டாப்பும் வேண்டும், அடுப்படியிலிருந்து கூப்பிடாத நேரமும் வேண்டும்.

அதற்காகப் பட்டம் இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள், அதையும் முழுசாகக் கொடுங்கள். விண்ணப்பத்தில் பட்டக் கட்டத்தையும், பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் கேட்கும் கட்டத்தையும் எடுங்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அந்த வரியை நீக்கப் பேசுங்கள். நிரந்தர வேலை, அதே சம்பளம், அதே பதவி உயர்வு என்று பணி ஆணையில் எழுதிக் கொடுங்கள். விழுப்புரம், தூத்துக்குடி நியோ டைடல் ஐ.டி. பூங்காக்களில் இடம் பெறும் நிறுவனங்களிடம் தமிழக அரசு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு நிறுவனத் தலைவர் பட்டம் தேவையில்லை என்று பேட்டி கொடுத்தால், உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும். போன வருஷம் பட்டம் இல்லாதவர்கள் எத்தனை பேரை நிரந்தர வேலைக்கு எடுத்தீர்கள்? முன்பு எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்று டீம் லீடாக இருக்கிறார்கள்? பதிலையும் பேட்டியோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கோட்டை