ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு ஒரு டிப்ளமோ

தமிழ்நாடு உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். காலணி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு பகுதிநேர டிப்ளமோ கேட்டு எழுதுகிறேன். நான் ஆம்பூர்க்காரன். அப்பா முப்பது வருடம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம் ஓட்டினார். தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். சுருங்காவிட்டால் பதனிடப் போடும் குரோம் உப்பு உள்ளே வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். சுருண்டால் மறுபடி டிரம்மைச் சுற்ற வேண்டியதுதான். ஏன் சுருள்கிறது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் அடையாறில் இருந்தார்கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 1948இல் வந்தது. பக்கத்து ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) மாணவர்கள் தோல் தொழில்நுட்பம் படித்ததும் அந்த வளாகத்தில்தான். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. 1994இல் அசோ என்ற செயற்கைச் சாய வகையில் சிலவற்றையும். ஜெர்மனியோ எங்கள் பெரிய வாடிக்கை. சரக்கு திரும்பிவிடுமோ என்று முதலாளிமார் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். மாற்று மருந்து எது, எந்தச் சாயம் தேறும், எப்படிச் சோதிப்பது என்று வழிகாட்டியவர்கள் அந்த ஆய்வகத்தாரும், அங்கே படித்துவிட்டு ஷாப்புகளுக்கு வந்த இளைஞர்களும்தான். (பாலாற்றைக் கெடுத்த கணக்கு தனி. அதை 1996இல் உச்ச நீதிமன்றமே எழுதிவிட்டது.)

இப்போது காற்று தோல் அல்லாத காலணிப் பக்கம் வீசுகிறது. செய்யாறில் தைவான்காரர்களின் ஆலை பல வருடமாக ஓடுகிறது. பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் இன்னொன்றுக்கு அடிக்கல் நாட்டியபோது 25,000 பேருக்கு வேலை என்றார்கள். வரட்டும், நல்லதுதான்.

என் அக்கா மகள் இப்படியொரு ஆலையில் இருக்கிறாள். பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க். ஷூவின் மேல்பாகத்தில் ஒரு வளைவுத் தையல், நாளெல்லாம் அது ஒன்றுதான். அடிப்பாகத்து ஃபோம் சில நாள் பசை பிடிக்காமல் பெயர்ந்து வருகிறதே, ஏன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டாளாம். "அது டெக்னிக்கல்மா, நீ தையலைப் பாரு" என்றாராம். எனக்கு அப்பாவின் கொதிதண்ணீர்ச் சட்டிதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறோமா?

கிண்டியிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் காலணிப் படிப்பு இருக்கிறதே என்பீர்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கும் பெண் அங்கே எப்படிப் போய் வருவாள்? நான் கேட்பது சின்ன விஷயம். செய்யாறு, ராணிப்பேட்டை வட்டாரத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் காலணித் தொழில்நுட்பத்தில் பகுதிநேர டிப்ளமோ. பாலிமர், பசை, ஷூவுக்கு வடிவம் தரும் அச்சுக்கட்டையின் வடிவமைப்பு, தரச் சோதனை, எல்லாம் தமிழில். ஆலைக்காரர்கள் ஆய்வகத்துக்கு இயந்திரம் தரட்டும். இடமும் மின்சாரமும் சலுகையில் வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்க அரசு ஏன் கூச்சப்பட வேண்டும்? படித்து முடித்தவளுக்குச் சம்பளத்தில் ஒரு படி ஏற்றம் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு என்றாலும் அக்கா மகள் வருவாளாம். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஆம்பூர்க்காரன் ஒருவன்