ஆதிச்சநல்லூர் பறம்பில் துணைக்கு வந்த அண்ணாச்சிக்கு நன்றி

அண்ணாச்சி, பெயரைக் கேட்டபோது "அதெல்லாம் எதுக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள், அதனால் இப்படித்தான் நன்றி சொல்ல முடிகிறது.

பழங்கால இடுகாடான அந்தப் பறம்பு மேட்டைப் பார்க்க பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நின்றவர்களில் மூட்டுவலிக்கார அப்பாவைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கண்ணாடித் தளத்துக்குக் கீழே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்தாழிகள் புதைந்த நிலையிலேயே தெரியும் அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டீர்கள். 2023-இல் திறந்தது அது. 1876-இல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனது, 1899-இலிருந்து தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த, நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள் எல்லாம் அப்பா படித்திருக்கிறார், ஆனால் பறம்பு எப்படிக் கிடக்கிறது என்று காட்டியது நீங்கள்தான். சரளை மண்ணில் காலடி எல்லாம் பானை ஓடு, உள்பக்கம் கரியாகக் கறுப்பு, வெளியே செம்மண் நிறம். மகன் ஒன்றை எடுக்கக் குனிந்ததும் "கெடக்கட்டும் தம்பி, அது நம்ம தாத்தாமாரு வீடு" என்றீர்கள், அவனும் அப்படியே கையை எடுத்துவிட்டான். கற்பாறையை வெட்டிக் குழியாக்கித் தாழியை இறக்கி, கூடவே நெல்லும் தினையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அவ்வளவு கவனமாகக் கேட்டீர்கள். இன்னும் நிறையப் பேசியிருக்கலாம்.

அப்புறம், பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. இதைப் படிக்கும் அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இந்த அண்ணாச்சியை அடையாளம் கண்டால் அவரிடம் இதைக் காட்டுங்கள். அப்பா தினமும் விசாரிக்கிறார்.