பலகை சதுரமாக இருக்கும்போதே

காவேரிப்பட்டினம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய பேஸ் கிதார் வரைபடமும், வாங்கி வைத்திருக்கும் கழுத்து, கம்பிகளை உடலில் பிடித்துவைக்கும் பிரிட்ஜ், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஆகியவற்றின் படங்களும் வந்து சேர்ந்தன. கழுத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு உடலை மட்டும் நீயே செய்வது என்று முடிவெடுத்தது நல்லது. கழுத்தின் குறுக்கே ஃபிரெட் என்னும் உலோகக் கட்டைகளைப் பதிப்பது, மில்லிமீட்டர் கணக்கில் பிசகினாலும் சுருதி கெட்டுவிடும் வேலை. அதைப் புனேயில் ஒரு வாடகை வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. உடல் வேலை உன்னிடம் இருக்கும் ட்ரில், ஜிக்சா, இழைப்புளி, நான்கு உளிகள் ஆகியவற்றுக்குள் அடங்கும். ஆனால் வரைபடத்தின் ஓரத்தில் நீ எழுதியிருக்கும் வேலை வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. வடிவத்தை முதலில் அறுத்து, பிறகு கழுத்துக் குழியையும் பிக்கப் குழியையும் வெட்டுவதாக எழுதியிருக்கிறாய். அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கதவு நிலைக்குச் சட்டம் எடுத்தால், துளை அடித்து, கழுந்து சீவி, பொருத்திப் பார்த்த பிறகுதான் ஓரத்தில் பூவேலையைத் தொடுவோம். நீ சின்ன வயதில் பட்டறையில் பார்த்ததுதான். பலகையின் நான்கு ஓரங்களும் நேராக இருக்கும் வரை மூலைமட்டத்தை எங்கே வைத்தாலும் அது உண்மையைச் சொல்லும், கிளாம்ப் எங்கே போட்டாலும் நிற்கும். வளைவுகளை அறுத்துவிட்டால் மட்டம் சாய்த்து வைக்க ஒரு நேர்க்கோடுகூட மிஞ்சாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கத்தில், கை உள்ளே போவதற்காகக் குடைந்துவிடும் வளைவு, கழுத்துக் குழியின் சுவரை ஒட்டியே ஓடுவதால், அந்தச் சுவர் மிக மெல்லியதாகிவிடுகிறது. வடிவத்தை அறுத்தபின் அங்கே கொட்டாப்புளியால் ஓர் அடி கூடுதலாக விழுந்தால் சுவர் பிளந்துவிடும். பலகை முழுதாக இருக்கும்போது அந்தச் சுவருக்குப் பின்னால் கட்டை மரம் நிற்கும். பயமில்லாமல் உளி பிடிக்கலாம்.

வரைபடத்தை மட்டும் நம்பி எழுதவில்லை. இங்கே தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு பையனிடம் அவனுடைய பேஸைக் கேட்டு வாங்கி, கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தை உடலோடு பிடித்திருக்கும் பின்பக்கத் தகட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பார்த்தேன். குழியின் அடியில் ஒரு விசிட்டிங் கார்டைக் கத்தரித்துச் சொருகியிருந்தார்கள். கடை முகவரியில் பாதி இன்னும் படிக்க முடிந்தது. கழுத்தின் சாய்வைச் சரிசெய்ய அப்படிச் சொருகுவது வழக்கமாம். குழியின் தரையை மட்டமாக வெட்டினால் அந்த அட்டைக்கு வேலை இருக்காது. இன்னொன்றையும் கவனித்தேன். உடலில் உள்ள துளைகளில் திருகாணி தளர்வாக, கையால் தள்ளினாலே போய்வருகிறது. மரை பிடிப்பது கழுத்தில் மட்டும்தான். அதுவே சரியான முறை. இரண்டு மரத்திலும் மரை பிடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி நின்றுவிடும். நான்கு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்ற இடத்தில் அந்த இடைவெளி இருக்கக் கூடாது.

இனி மரத்துக்கு வருகிறேன். வீணை, தவில், மிருதங்கம் எல்லாம் பலாவில் செய்வதால் இதையும் பலாவில் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். அவை உள்ளே குடைந்த கருவிகள். அங்கே மரமும் காற்றும் சேர்ந்து ஒலியை எழுப்புகின்றன. உன்னுடையது முழுப்பலகை. இரும்புக் கம்பியின் அதிர்வைப் பிக்கப்பின் காந்தமும் சுருளும் மின்சாரமாக மாற்றி எடுத்துக்கொள்கின்றன. மரத்தால் ஒலியில் வேறுபாடே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தோளில் இரண்டு மணி நேரம் தொங்கப்போகும் பொருளுக்கு, ஒலியை விட எடையை முதலில் பார்ப்பேன். சந்தூர்ப் பக்கம் பழைய தோப்புகளை வெட்டும்போது மாமரம் மலிவாகக் கிடைப்பது உண்மைதான். அதன் கோடுகள் அழகாக இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மாமரம் கனம். வெட்டிய உடனே சரியாகக் காயவைக்காவிட்டால் வண்டு துளைக்கும். அமெரிக்காவில் பயன்படுத்தும் ஆல்டர் மரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோவில் முடியும் உடல், மாவில் மூன்று கிலோவை எட்டிவிடும். மலைவேம்பு இந்த மாவட்டம் முழுக்கத் தோட்டங்களில் நிற்கிறது, இலேசானது. ஆனால் பிளைவுட்டுக்காக இளசாக வெட்டும் மரம் என்பதால் பிரிட்ஜின் திருகாணிகளைப் பல வருடம் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே குமிழ் மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பாலக்கோட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெட்டியது; இரண்டு அங்குலப் பலகையாக அறுத்து, இடையில் குச்சி கொடுத்து, நம் கொட்டகையில் அடுக்கிக் காயவைத்தது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது நாங்கள் பார்க்கும் கணக்கு; அந்தக் காலம் கடந்துவிட்டது. குமிழ் காய்ந்தபின் அதிகம் முறுக்காது, உளிக்கும் இணங்கும், எடையும் ஆல்டரை ஒட்டியே வரும். மில்லில் கொடுத்து 45 மில்லிமீட்டர் கனத்துக்கு இரு பக்கமும் சீவி, ஏழு அங்குல அகலமும் இருபத்திரண்டு அங்குல நீளமும் உள்ள இரண்டு துண்டுகளாகப் பார்சல் லாரியில் அனுப்புகிறேன். வந்தவுடன் பசை போட்டுவிடாதே. புனேயின் காற்றுக்குப் பழகும்படி, இரண்டு வாரம் உன் அறையிலேயே சுவரில் சாய்த்து வை.

ஒட்டும் முன், இரண்டு துண்டுகளையும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தோடு முகம் சேர்த்து, ஒட்டப்போகும் ஓரங்களை ஒன்றாகப் பிடித்து இழைப்புளி போடு. இழைப்புளி சற்றுச் சாய்ந்து ஓடினாலும், விரித்து ஒட்டும்போது ஒன்றின் சாய்வை இன்னொன்றின் சாய்வு ஈடுசெய்துவிடும். சேர்த்து வைத்து விளக்குக்கு எதிரே பார். வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது. அதன்பிறகு ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடு. இப்படி ஒட்டிய இணைப்புக் கோடே உன் நடுக்கோடு ஆகிவிடும். அதன்மேல் பென்சிலால் அல்ல, கத்தி முனையால் கீறி, இரு முனைகளையும் சுற்றிப் பின்பக்கத்துக்கும் கொண்டுபோ. இனி வரும் எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். கடையில் முழு அளவில் அச்செடுத்த வரைபடத்தைப் பலகையில் ஒட்டுவதற்கு முன், அதில் 34 அங்குலம் என்று போட்டிருக்கும் கோட்டை டேப் வைத்து அளந்து பார்த்துவிடு. அச்சு இயந்திரம் தாளுக்கு ஏற்றபடி சுருக்கி அடித்திருந்தால் எல்லாம் வீண்.

கம்பி அதிரும் நீளமான அந்த 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர், 1951-இல் லியோ ஃபென்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் இருந்து வரும் அளவு. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை சரியாக அதில் பாதி, 432 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். உன் கழுத்தை முதலில் அப்படி அளந்து உறுதி செய்துகொள். கழுத்துக் குழிக்கு 63.5 மில்லிமீட்டர் அகலம், 16 மில்லிமீட்டர் ஆழம் என்று வரைபடம் சொல்கிறது. ஆழத்தை எடுத்துக்கொள், அகலத்தை எடுத்துக்கொள்ளாதே. கழுத்தின் அடியையே பலகையில் நடுக்கோட்டுக்குச் சரியாக வைத்து, கிளாம்ப் போட்டு, சுற்றிலும் கத்தியால் கீறு. பலகை இன்னும் சதுரமாக இருப்பதால், குழியின் முன்பக்கம், கழுத்தின் இருபுறமும் உடல் நீளும் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே, பிறகு கழிக்கப்போகும் மரம் நிற்கும். அது நின்றால் கழுத்து உட்காராது. எனவே குழியை அங்கேயே நிறுத்தாமல், அதே அகலத்தில் அதே ஆழத்தில் பலகையின் விளிம்பு வரை ஒரு வாய்க்காலாக இழுத்துவிடு. ஒரு முனை திறந்திருப்பதால் தூள் வெளியேறும், உளியைப் படுக்கவைத்து ஓட்டவும் இடம் கிடைக்கும்.

கோட்டுக்குள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, தட்டையான அடியோடு குழி போடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் துளைகளை அடுத்தடுத்துப் போட்டு மரத்தைக் குறை. அந்த பிட்டின் நடுமுள் விளிம்பை விட ஆழமாக இறங்கும் என்பதால் 14 மில்லிமீட்டரில் நிறுத்து. பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்தால் போதும். மீதியை ஓர் அங்குல உளியால் சீவு. உளியின் தட்டைப் பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், கொட்டாப்புளியை விட உள்ளங்கையால் தள்ளுவதே அதிகம் இருக்க வேண்டும். தரையில் ஒரு நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி, ஆடினால் ஆடும் மேட்டை மட்டும் எடு. உளி கூர்மையாக இருக்கிறதா என்பதைப் பலகையின் தலைப்பக்கத்தில் சீவிப் பார்; நார் நசுங்காமல் பளபளப்பாக வெட்டினால்தான் அது கூர். கழுத்தை உட்காரவைத்துத் தூக்கினால், திருகாணி இல்லாமலே பலகையும் கூடவே எழ வேண்டும். ஆனால் பாலிஷ் ஏறும் கனத்துக்கு ஒரு தாள் அளவு இடம் விட்டிருக்க வேண்டும். பிறகு நேரான சட்டம் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டிப் பார்: பிரிட்ஜில் கம்பிகள் படியும் சாடில்களைப் பாதி உயரத்தில் வைத்தால், சட்டம் அவற்றின் தலைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும்.

பிரிட்ஜுக்குத் துளை போடும் முன் நூல் கட்டு. நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்தும் இரண்டு நூல்களை இழுத்து, பிரிட்ஜின் ஓரச் சாடில்கள் மேல் கொண்டுவந்து, கழுத்தின் இரு விளிம்புகளுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருக்கும் வரை பிரிட்ஜை நகர்த்து. மெல்லிய கம்பியின் சாடிலை ஏறக்குறைய முழுதும் முன்னுக்குத் தள்ளி, அது 864 மில்லிமீட்டரில் நிற்கும்படி அடையாளம் செய். தடித்த கம்பிகளுக்குச் சாடில் இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கும், அதற்கு இடம் வேண்டும். திருகாணி முனையில் உலர்ந்த சோப்பைத் தேய்த்துவிட்டு முடுக்கு.

பிக்கப் குழிக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களுக்கான பின்பக்கக் குழிக்கும் இதே முறைதான், அளவு அவ்வளவு கறாராக வேண்டாம். பொத்தான் குழியில் மட்டும், முகப்பில் ஐந்தாறு மில்லிமீட்டர் மரம்தான் மிச்சமிருக்க வேண்டும். அதிகம் விட்டால் பொத்தானின் மரை வெளியே வராது. இரு குழிகளையும் இணைக்கும் கம்பித் துளையையும், பிரிட்ஜின் அடியிலிருந்து வரும் எர்த் கம்பியின் துளையையும் மறக்காதே. அந்த எர்த் இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் இரைச்சல் ஓயாது.

இதெல்லாம் முடிந்த பிறகு வடிவம். இங்கே உன் வரைபடத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன்: மேல்கொம்பை அழகுக்காகக் குட்டையாக்கியிருக்கிறாய். தோள்பட்டி மாட்டும் அந்தக் கொம்பின் நுனி பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நேருக்கு ஏறக்குறைய வர வேண்டும். தலைப்பக்கத்தில் நான்கு கனமான முறுக்காணிகள் இருக்கின்றன, நாம் போடுவதோ இலேசான மரம். கொம்பு குட்டையாக இருந்தால் கையை எடுத்தவுடன் தலை தரையை நோக்கிச் சாயும். இடது கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் விரல் எப்படி ஓடும்? ஜிக்சாவின் பிளேடு 45 மில்லிமீட்டர் கனத்தில் அடியில் வளைந்து ஓடும், ஆகையால் கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் வெளியே அறுத்துவிட்டு, மிச்சத்தை அரைவட்ட மர அரத்தால் ராவு. வயிறு படும் இடத்தையும் கை படும் இடத்தையும் சரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரிசிஷன் பேஸே 1954 வரை தட்டைப் பலகையாகத்தான் இருந்தது. விளிம்பை மட்டும் உருட்டிவிட்டு, 80, 120, 180, 240 என்று உப்புத்தாள் ஏற்றி, அரக்குப் பாலிஷை மெல்லிய கோட்டுகளாகத் தேய். தூசிக்கு முகமூடி போட்டுக்கொள், பாப்பா. பால்கனிக் கதவையும் சாத்தி வை.

என் பெட்டியிலிருந்து ஓர் அங்குல உளியையும் அரை அங்குல உளியையும் சாணை பிடித்துப் பலகையோடு சேர்த்து அனுப்புகிறேன். மில்லில் பலகையைக் கொடுப்பதற்குள் எனக்கு இரண்டு விவரம் வேண்டும்: உன் கழுத்தின் அடிப்பகுதியின் கனம், ஃபிரெட்போர்டோடு சேர்த்து எவ்வளவு, கழுத்தோடு வந்த நான்கு திருகாணிகளின் நீளம் எவ்வளவு. குழிக்கு அடியில் 29 மில்லிமீட்டர் மரம் மிஞ்சும், தகடு இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். திருகாணி 45 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஃபிரெட்போர்டை எட்டிவிடுமோ என்று பார்க்க வேண்டும். அளந்து உடனே எழுது.

அன்புடன்,
அப்பா