ஒரு மணிக்கு நின்ற தறிகளுக்கு

நேற்று சாயங்காலம் எங்கள் பாட்டுக் குழுவின் டிரம்மர் மறுபடி குச்சியைக் கையில் எடுத்தாள். ஸ்னேர் டிரம்மில் நாலே நாலு தட்டு. அதற்குள் தோள் வலித்துவிட்டது, கீழே வைத்துவிட்டாள். எனக்கு அந்த நாலு தட்டே போதும். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஏற்காடு மலைப்பாதையில் அன்றிரவு நடந்த விபத்தில் அவள் அடிபட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. போகும்போது பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைத் தாண்டுகையில் வழக்கம்போல எல்லோரும் சேர்ந்து கத்தினோம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. சரி, அது போகட்டும்.

மழையில் டார்ச் லைட்டோடு இறங்கி வந்த காப்பித் தோட்டத்து அண்ணன்களுக்கும், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிக் கொண்டுவந்து சேர்த்த ஜீப் டிரைவருக்கும், பெரியாஸ்பத்திரி நர்ஸ் அக்காக்களுக்கும், விடியும் முன்பே ரத்தம் கொடுக்க வந்து நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும், நனைந்த ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துக் காயவைத்து, காசு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த செவ்வாய்ப்பேட்டை ரேடியோ மெக்கானிக்குக்கும், "உங்களுது சரியாகிற வரைக்கும் வெச்சுக்கோங்க" என்று தன் டிரம்மைக் கொண்டுவந்து இறக்கிய பேண்டு செட் மாமாவுக்கும், பேர் சொல்லாமல் 50 ரூபாயும் 100 ரூபாயுமாக அனுப்பிய அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் ஒரு நாள் வருவோம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததே எதற்கோ, அதைச் சொல்கிறேன்.

நாங்கள் பாட்டுப் பழகுவது சேலத்தில் குகை என்கிற பகுதியில், டிரம்ஸ் வாசிக்கிறவளின் வீட்டு முன் அறையில். அந்தப் பக்கத்து வீட்டில் தறி ஓட்டுகிற அக்கா இருக்கிறார். நான்கு விசைத்தறி, நடுவில் ஒரே சுவர். காலையிலிருந்து இரவு வரை தடக் தடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் டிரம்மர் பிறந்ததிலிருந்து கேட்ட தாளம் அதுதான். அவளுக்குத் தாளம் தப்பாததற்குக் காரணம் அந்தத் தறிகள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் சத்தம் எல்லை மீறினால் அக்கா கையில் இருக்கும் நாடாவால், தறியில் குறுக்கு நூலை இழுத்து ஓடுகிற கட்டையால், சுவரைத் தட்டுவார். நாங்கள் உடனே குறைத்துக்கொள்வோம். மூன்று வருடமாக எங்களுக்கும் அவருக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அவருக்கு எங்களைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தோம். மூன்று பெண்களும் ஒரு பையனும் கிடார் மாட்டிக்கொண்டு கத்துவதைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு, அதனால் மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த மறுநாள். தலையில் அடிபட்டதால் மதியம் கட்டாயம் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தறி ஓடும்போது அந்தக் கட்டிலே அதிரும். இத்தனை வருடம் அதில்தான் தூங்கினாள், ஆனால் இப்போது ஒவ்வொரு தடக்குக்கும் அவள் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்தேன். எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்று அவள் அம்மாவும் நானும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி இருக்கும். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நான்காவதும் நின்றது. "கரண்ட் போயிடுச்சு" என்றேன். அம்மா மேலே பார்த்தார். எங்கள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மறுபடி தறி ஓட ஆரம்பித்தது. நடுவில் அவள் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கியிருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஞாயிறு போக, 11 நாள்.

தறி வேலை பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா கூலிக்கு ஓட்டுகிறவர். பாவும் (தறியில் நீளவாக்கில் பூட்டுகிற இழைகள்) நூலும் வியாபாரி கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. நான்கு தறி, தினம் 2 மணி நேரம், 11 நாள் என்றால் 88 மணி நேரம் ஒரு தறி ஓடாமல் நின்றதற்குச் சமம். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அம்மா வாசலில் யாரிடமோ டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கிறார், அது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். ஓடிப்போய் அக்கா முன்னால் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

"புள்ள தூங்குச்சா?" என்று கேட்டார்.

தூங்கினாள் என்றேன். கூலி போகிறதே அக்கா என்றேன்.

"தறி எங்க கண்ணு ஓடிப் போயிடப் போவுது? நாளைக்கு ஓட்டிக்கலாம்."

அப்புறம், நூல் முடிச்சைப் பார்த்தபடியே, "அந்தத் தட்டுவடைப் பாட்டு எப்ப மறுபடி பாடுவீங்க?" என்றார்.

தட்டுவடைப் பாட்டு நாங்கள் முதன்முதலில் எழுதிய பாட்டு. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்து ஒரே வாயில் போடுவது பற்றி, ஒன்றரை நிமிடம், கிடாரில் மூன்றே சுரக்கூட்டு (chord). நாங்கள் பாடுகிற பங்க் என்கிற முரட்டு ராக் இசை என்றால் கோபமாகத்தான் இருக்க வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஒசாகாவில் 1981-இல் மூன்று பெண்கள் சேர்ந்து ஷோனென் நைஃப் என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். சாப்பாடு, மிருகங்கள் என்று மனசுக்குப் பிடித்ததைத் துள்ளித் துள்ளிப் பாடினார்கள். பத்து வருடம் கழித்து புகழ்பெற்ற அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா அவர்களைத் தன்னோடு மேடைக்கு அழைத்துப் போனது. அதற்கும் முன்னால், 1976-இல், லண்டனில் தி ஸ்லிட்ஸ் குழுவில் பாட வந்த ஆரி அப்புக்கு வயது 14. யாரிடமும் அனுமதி கேட்காமல் தெரிந்ததை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். அவர்களைக் கேட்ட பிறகுதான் நமக்கும் நம் ஊர்த் தீனியைப் பற்றிப் பாட்டுக் கட்டலாம் என்ற தைரியம் வந்தது.

அந்தப் பாட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் எந்தப் பாட்டு என்று பேர் சொல்லிக் கேட்கிற அளவுக்கு. நாடாவால் சுவரைத் தட்டியதெல்லாம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும்தான், நிறுத்தச் சொல்லி அவர் ஒரு நாளும் தட்டியதில்லை என்பதை அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன்.

சத்தம் போடுவது எங்கள் உரிமை என்று மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த 11 மதியமும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மின்விசிறிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருத் தறிகள் எங்கோ தூரத்தில் ஓடின. அந்த அமைதி முழுக்க ஒருத்தரின் கூலி என்று தெரிந்த பிறகு மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

அதனால் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிற நாளில் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், கண்ணும் கையும் அதிலேயே இருக்க வேண்டும். அக்கா வீட்டில் பாவு பிணைக்கிற நாட்களில் இனி எங்கள் அறையில் ஒரு கம்பிகூட அதிராது. முந்தின நாளே அவர் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அந்தத் தறியின் தாளத்தில் ஒரு புதுப் பாட்டும் ஆரம்பித்திருக்கிறோம். தாளம் அவள் போட்டதுதான், படுக்கையிலிருந்தபடி விரலால் சுவரில் தட்டிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. சாயங்காலம் 5 மணிக்கு வீட்டு வாசலிலேயே வாசிக்கப் போகிறோம். அவளால் ஒரு பாட்டுக்கு மேல் உட்கார முடியாது, அதனால் ஒரே பாட்டுதான். மலையிலிருந்தும் ஊரிலிருந்தும் வர முடிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள், தட்டுவடை எங்கள் செலவு.

அக்கா, நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்க வேண்டாம். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.